வாசனை வருகிறது

அன்பு தேவயானிக்கு,

நீ நலமா? நைனாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? போனில் நான் சாப்பிட்டேனா என்று "துன்னியா" என்று நீ கேட்பதற்குள் அவர் போனை வாங்கிவிடுகிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

திருப்பதி சென்ட் கடையில் தினமும் ஒரு சென்ட்டைப் பூசிக்கொண்டு நிற்பதும் என் வேலை. இன்று பூசியது காலையில் எலுமிச்சைத் தோலாக மணந்தது, மதியத்தில் புதுச் செருப்பாகிவிட்டது.

நேற்று ஒரு பெரியவரின் கையில் சென்ட் அடித்துவிட்டு, 'உங்களிடம் வாசனை வருகிறது' என்ற நம் பேச்சை அப்படியே தெலுங்காக்கி, "மீ தக்கர வாசன வஸ்தா உந்தி சார்" என்றேன். அவர் முகம் சுருங்கி அக்குளை மோந்து பார்த்தார். தெலுங்கில் அது நாறுகிறது என்றாகிவிடுமாம். நறுமணம் என்றால் "சுவாசன அனாலப்பா", அப்படித்தான் சொல்லணும் என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

ரூமுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், யாரோ பணக்காரன் கழற்றிப் போட்டது போல இருக்கிறது. என் சட்டை என்றே தெரிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து திரும்பும் ஜெயபிரகாஷிடம் ஒரு தலையணை உறை கொடுத்தனுப்பு. புதியது வேண்டாம், நீ தலை வைத்துப் படுப்பதே போதும்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உன்
ஹேமநாத்

உறையைத் துவைத்துவிடாதே.