எட்டு டிராக்கும் உன் கடைசிப் பந்தியும்

மச்சான்,

இன்று காலை பழைய ரெக்கார்டர் பையைக் கடை மேசையில் கவிழ்த்தேன். சார்ஜர் விழுந்தது, ஒரு கேபிள் விழுந்தது, அப்புறம் நீ ஓயாமல் உரித்துத் தின்ற வேர்க்கடலை, அதுதான் நம் ஊர் மல்லாட்டை, அதன் தோல் ஒரு கைப்பிடி கொட்டியது. நீ போய் இரண்டு வருடம் ஆகியும் அந்த வாசம் பைக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஜெராக்ஸ் எடுக்க வந்த ஓர் அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, பையில எலி பூந்துகிச்சா?" என்றார். "எலி இல்லம்மா, என் ஃப்ரெண்டு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஆதார் கார்டை நீட்டினார். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. உன் இதயம் நின்றுபோன அந்த ஆடி மாதத்துக்குப் பிறகு, உன்னை நினைத்து நான் வாய்விட்டுச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

பையைக் கவிழ்த்ததற்குக் காரணம் உண்டு. நம் பாட்டுக் குழுவுக்குப் புது ரெக்கார்டிங் மெஷின் வந்துவிட்டது. அதை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று உன்னிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் நீ என்னைக் கிண்டல் செய்வாய் என்று தெரியும். பரவாயில்லை.

முதல் மெஷின் வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? திண்டிவனத்தில் உன் மோட்டார் ஒயின்டிங் கடையை மதியமே மூடிவிட்டு, கையில் கிரீஸோடு வந்தாய். நமக்கோ கோயில் திருவிழா, மாதா திருவிழா, கல்யாணம் என்று ஊர் ஊராக வாசிக்கிற ஆறு பேர் குழு. நாமே மெட்டுப் போட்ட பாட்டுகளைப் பதிந்து வைத்தால் புக் பண்ண வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டலாம் என்று ஆசை. ஸ்டுடியோவுக்குப் போக வசதி இல்லை. கடைக்காரரிடம் நான் பெரிய மனிதன்போல, "எத்தனை டிராக்?" என்றேன். "எட்டு" என்றார். ஆளுக்கு ஒன்று போக இரண்டு மிச்சம் என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பேட்டரில ஓடுமா? திருவிழா எடத்துல கரண்ட்ட நம்ப முடியாதுங்க." ஓடும் என்றார். வாங்கிவிட்டோம்.

முகையூரில் அந்தக் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஆறு பேரும் வாத்தியங்களை இறக்கி, ஒயரெல்லாம் இழுத்துவிட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. டிராக் எட்டுதான். ஆனால் ஒயர் சொருக இன்புட் இரண்டே இரண்டு. எட்டுப் பேருடைய வாசிப்பைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளும், ஒரே நேரத்தில் இரண்டு பேரைத்தான் உள்ளே விடும். ரிதம் பேடில் தாளம் வாசிக்கிற சகாயம் குச்சிகளைத் தரையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தான். எனக்குக் கோபம், வெட்கம், கடைக்காரர்மேல் ஆத்திரம். கத்திக்கொண்டே இருந்தேன். நீ மட்டும் மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தாய்.

"இதுக்கு இன்னாத்துக்குடா பேஜாரு ஆவுற? எல்லாரும் ஒரே பந்தியில குந்த எடம் இல்லன்னா கல்யாணத்தையா நிறுத்திடுவாங்க? ரெண்டு ரெண்டு பேரா வாங்கடா."

அன்றிலிருந்து நம் குழுவில் பதிவு என்ற சொல்லே போய், பந்தி என்றாகிவிட்டது. முதல் பந்தி சகாயத்தின் பேடும் ஜெசிந்தாவின் கீபோர்டும். இரண்டாம் பந்தி கிட்டாரும் தபேலாவும். மூன்றாவது நான், ஒற்றை ஆளாக, பாட்டு. கடைசியில் நீ, உன் பேஸ் கிட்டாரோடு. பேஸ் முதலில் வந்தால் மற்றவர்களுக்குப் பிடிமானமாக இருக்கும் என்று ஜெசிந்தா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். நீ அசையவில்லை. "பந்தி வெச்சவன் கடைசிலதான் குந்தணும் தங்கச்சி" என்று ஒரே பதில். நாங்களும் அதை உன் கொழுப்பு என்று விட்டுவிட்டோம்.

அந்தப் பாட்டுகளில் ஒன்று, மழைப் பாட்டு, சுற்றுவட்டாரத்தில் நமக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதிலும் இரண்டாவது சரணத்தில் ஓர் இடம். தாளம் வந்து விழுவதற்கு முன்பே நான் அடியை எடுத்துவிடுவேன். காணை ஊர்த் திருவிழாவில் ஒருவர் மேடைக்கே வந்து, "அந்த எடத்துல முன்னாடியே எடுக்குறீங்களேண்ணா, சிலுத்துப் போச்சு" என்றார். நான் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டேன். நீ பக்கத்தில் நின்று ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாய்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பழைய மெஷினில் பட்டன்கள் வேலை செய்யாமல் போகத் தொடங்கியதால், பாட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். ஒவ்வொரு டிராக்கையும் தனியாகப் போட்டுக் கேட்டேன். மழைப் பாட்டில் உன் டிராக்கை முதலில் அடைத்துவிட்டுக் கேட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது. அந்த இடத்தில் நான் தாளத்தைத் தவறவிட்டிருக்கிறேன், மச்சான். அவசரத்தில் அரைத் தட்டு முந்தி ஓடியிருக்கிறேன். பேட் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அப்புறம் உன் டிராக்கைத் திறந்தேன். நான் ஓடுவதற்குச் சற்று முன்னால் நீ ஒரு சின்னச் சுரத்தைப் போட்டு வழி செய்திருந்தாய். அது விழுந்ததும் என் பிழை வேண்டுமென்றே செய்ததுபோல ஆகிவிட்டது. மற்ற பாட்டுகளையும் கேட்டேன். நான் எங்கெல்லாம் இடறினேனோ அங்கெல்லாம் நீ இருந்தாய். கடைசிப் பந்தியில் உட்கார்ந்து எல்லார் இலையையும் பார்த்துப் பரிமாறியிருக்கிறாய். ஒரு நாள்கூட என்னிடம் சொல்லவில்லை. அன்று கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். யாரிடமும் சொல்லவும் இல்லை.

இப்போது புரிகிறதா, புது மெஷின் எனக்கு ஏன் பயமாக இருந்தது என்று? திண்டிவனம் கடையில் அதே மாதிரி இரண்டு இன்புட் மெஷின் புத்தம் புதிதாக, வாரண்டியோடு இருந்தது. கோட்டக்குப்பத்தில் துபாயிலிருந்து திரும்பிய ஒருவர், எட்டுப் பேரும் ஒன்றாகவே சொருகக்கூடிய மெஷினை ஏறக்குறைய அதே விலைக்குத் தருவதாகச் சொன்னார். இரண்டு வருடம் புழங்கிய மெஷின், வாரண்டி கிடையாது. மிச்சமிருக்கிற ஐந்து பேரும் ஒரே மூச்சில் வாசித்தால் கடைசிப் பந்தி என்று ஒன்று இருக்காது. என் பிழையை மூட யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் நான் ஒரு மாதம் வாரண்டி, வாரண்டி என்று ஜபம் பண்ணிக்கொண்டிருந்தேன். அந்தச் சாக்கை நீ கேட்டிருந்தால், சொத்தை மல்லாட்டையைத் துப்புவதுபோலக் காறித் துப்பியிருப்பாய்.

சகாயம்தான் பிடித்துவிட்டான். "மெஷினு ரிப்பேர் ஆவும்னு பயப்படுறியா, நீ மாட்டிக்குவன்னு பயப்படுறியா?" என்று கேட்டான். "எங்களுக்கு எப்பவோ தெரியும்டா. அவன் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினான்" என்றான். பிறகு நான் ஏன் வாரண்டி பேசப் போகிறேன்? மறுநாளே கோட்டக்குப்பம் போனோம். அந்தப் பாய் டீ கொடுத்து, ஒவ்வொரு இன்புட்டிலும் ஒயர் சொருகிக் காட்டினார். நான் உன் சார்பில், "பேட்டரில ஓடுமாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுத்தேன்.

மூன்று வாரம் தினமும் கடையில் தாளத்தைப் போட்டுக்கொண்டு பாடிப் பழகினேன். ஜெராக்ஸ் மெஷினும் நானும்தான். போன ஞாயிறு, அதே முகையூர் மண்டபம். நீ இல்லாததால் பேஸை ஜெசிந்தா இடது கையால் கீபோர்டிலேயே வாசித்தாள். ஐந்து பேரும் ஒன்றாகத் தொடங்கினோம். அந்த இடம் வந்தது. நான் ஓடவில்லை. தாளம் விழுந்த பிறகு, சரியாக, அரிசி அளந்து போட்டதுபோல எடுத்தேன். பெருமையாக நிமிர்ந்து பார்த்தேன்.

போட்டுக் கேட்டோம். கடைசியில் ஜெசிந்தா, "கரெக்டாதான்ணா இருக்குது. ஆனா சப்புனு ஆயிடுச்சே" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சரியாகப் பாடிய பாட்டில் மழையே பெய்யவில்லை. சகாயம் குச்சியை எடுத்துக்கொண்டு, "நீ பழையபடி ஓடுடா. நாங்க பாத்துக்கறோம்" என்றான்.

மறுபடி தொடங்கினோம். உன் பழைய பை என் காலடியில் கிடந்தது. புது மெஷினையும் அதில்தான் வைத்து எடுத்துப் போயிருந்தேன், இனியும் அப்படித்தான். நான் நிம்மதியாக இருக்கிறேன், மச்சான். சாப்பாட்டுக்கு உட்காரும்போது இப்போதெல்லாம் நான்தான் கடைசி. பாட்டில் மட்டும் இன்னும் முந்தித்தான் ஓடுகிறேன், தெரிந்தே ஓடுகிறேன். அந்த இடம் நெருங்கும்போது ஜெசிந்தாவின் இடது கை உன் சின்னச் சுரத்தைப் போட்டுவிட்டு, எனக்கு முன்பே அங்கே போய் நிற்கிறது.