சடையில் ஒரு ரோஜா

பிப்ரவரி 5, வியாழன்.

இன்று நாலாம் வகுப்புக்கு நெதர்லாந்து நடத்தினேன். கடலைவிடத் தாழ்ந்த நிலம், அணை கட்டிக் கடலைத் தடுத்த கதை, காற்றாலை, சைக்கிள் எல்லாம் சொல்லிவிட்டு, அந்த ஊர்ப் பெண் ஒருத்தியை வரையச் சொன்னேன். மற்ற பிள்ளைகள் நான் காட்டிய படத்தைப் பார்த்து வெள்ளைக் குல்லாய் வரைந்தார்கள். மஞ்சுளா மட்டும் தன் படத்தில் நீளச் சடை போட்டு, அதில் பெரிய சிவப்பு ரோஜா வைத்திருந்தாள்.

“அங்க யாரும் தலையில பூ வெக்க மாட்டாங்க கண்ணு” என்றேன்.

“அப்பறம் எதுக்கு மிஸ் வாங்கறாங்க? எங்கம்மா பண்ணையில வெட்டற ரோஜா எல்லாம் அங்கதான் போவுது.”

ஜாடியில் வைப்பார்கள், பிரியமானவர்களுக்குக் கொடுப்பார்கள் என்றேன். அவளுக்கு அது சரியாகப் படவில்லை.

“எங்கம்மாவுக்கு ஒண்ணுகூட குடுக்க மாட்டாங்க மிஸ். அவங்களாவது வெச்சிக்கட்டும்னுதான் வரஞ்சேன்.”

பூவை அழிக்க எடுத்த ரப்பரைக் கீழே வைத்துவிட்டேன். படத்தைச் சுவரில் ஒட்டினேன்.

சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக அம்மா வந்தாள், பண்ணை வேலைக்குச் சேலைமேல் போட்ட சட்டையைக்கூடக் கழற்றாமல். சுவரைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

“என்னிய ஏன்டி இவ்ளோ வெள்ளையா வரஞ்ச?”

நெதர்லாந்துக்காரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மஞ்சுளாவும் சொல்லவில்லை.