பாறைக்குப் போகும் பாதை

ஜூலை 8

ஏரிப் பாதையில் ஒரு பலகை முளைத்திருக்கிறது. 'தனியார் இடம். நுழையாதீர்.' ஸ்டாக்ஹோமிலிருந்து வந்து கரையோர வீட்டை வாங்கிய ஸ்டாஃபன் வைத்தது. எழுத்துப்பிழை இல்லை. அந்த ஒரு ஆறுதல்தான்.

இந்த நாட்டுச் சட்டப்படி காடும் கரையும் எல்லோருக்கும் பொது. நடக்கலாம், குளிக்கலாம், பழம் பறிக்கலாம். யார் வீட்டு நிம்மதியையும் கெடுக்காதே, எதையும் பாழாக்காதே. மூன்றாம் வகுப்புக்கு வருடா வருடம் நான் நடத்திய பாடம் இது. குளிக்கிற பாறை அவர் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் இருக்கிறது. மற்ற கரையெல்லாம் சேறு. என் முழங்காலுக்கு அந்தப் பாறைதான் படிக்கட்டு. அது போனால் காலை நீச்சலும் போயிற்று.

ஜூலை 9

பக்கத்து வீட்டு ஸ்டூரேயிடம் சொன்னேன். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். "சண்டைக்குப் போயிடுவோமா?" என்றான். இருவரும் யோசித்தோம். சண்டை எப்படிப் போடுவது என்று இருவருக்குமே தெரியவில்லை.

ஜூலை 12

போராட்டம் தொடங்கியது. ஃபிளாஸ்கில் காப்பி, இலவங்கப்பட்டை பன். பலகைக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டு வரிசையாகப் போய்ப் பாறையில் உட்கார்ந்தோம். நம்மீது ஒரு குறையும் வரக்கூடாது என்று ஸ்டூரே பன் துணுக்குகளைக்கூடப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான். திரும்பும் வழியில் ஸ்டாஃபன் வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது. கடுமையான நாள்.

ஜூலை 16

என் கூடையில் மஞ்சள் காளானைப் பார்த்துவிட்டான் ஸ்டூரே.

"எங்க கிடைச்சுது?"

"அங்கங்கே" என்று ஏரிப்பக்கம் கையைக் காட்டினேன். அவன் தலையாட்டினான். காளான் கிடைத்தது வேறு திசையில் என்று அவனுக்கும் தெரியும். இங்கே சம்பளத்தைச் சொல்வார்கள், மூல வியாதியைச் சொல்வார்கள். காளான் இடத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். அம்மா எனக்கு அதைச் சொன்னதே மருத்துவமனைக் கட்டிலில், நர்ஸ் வெளியே போன பிறகு.

ஜூலை 20

ஸ்டாஃபன் பாறைக்கே வந்துவிட்டார்.

"இது என் பாறைங்க."

"உன் பாறையா? பனியுகம் இதை இங்க இறக்கிட்டுப் போனப்போ நீதான் கையெழுத்துப் போட்டு வாங்கினியா தம்பி?" — ஸ்டூரே.

நான் அவனை அடக்கி, ஸ்டாஃபனுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்து, பொறுமையாக விளக்கினேன். "நிலம் உங்களுதுதான். நடக்கிற உரிமை எல்லாருக்கும். உங்களுக்கும் அதே உரிமை இருக்கே. உதாரணத்துக்கு, பழைய மரம் அறுக்கிற ஆலைக்குப் பின்னாடி, விழுந்த பிர்ச் மரத்தைத் தாண்டி, பாசிச் சரிவுல மஞ்சள் காளான் இருக்குன்னு வைங்க. நிலம் வேற யாருதோ. ஆனா முதல்ல போறவங்க பறிக்கலாம்."

அவர் கவனமாகக் கேட்டார். நல்ல மாணவர். ஸ்டூரே ஏன் அப்படி இருமினான்?

வீட்டுக்கு வந்து காப்பித்தூளை எடுக்கும்போதுதான் உறைத்தது. ஐயோ — உதாரணத்துக்கு அம்மா சொன்ன இடம்தானா கிடைச்சுது? உலகத்துல இருக்கிற காடெல்லாம் விட்டுட்டு!

ஜூலை 23

பலகை இல்லை. நீந்தினேன். தண்ணீர் அருமை. மனசு சரியில்லை.

ஆகஸ்ட் 4

பாசிச் சரிவில் ஒரு நீலச் சட்டை குனிந்திருந்தது.

"டீச்சர்! உங்க உதாரணம் நிஜமாவே இங்க இருக்கு!"

கூடை நிறைய. குட்டிக் காளான்களை விட்டுவைத்திருக்கிறார். பாசியை மிதிக்கவில்லை. ஒரு குறை சொல்ல இடம் கொடுத்தால்தானே! "ரொம்ப சந்தோஷம்" என்றேன். பாம்பு இருக்கும் என்றும் சொல்லிவைத்தேன். பூட்ஸ் போட்டிருப்பதாகச் சொன்னார்.

அந்தப் பலகையை என்ன செய்திருப்பார்? அதன் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கும், இன்னொரு 'நுழையாதீர்' எழுத?

சீ. எதற்கு எனக்கு இந்த யோசனை?

ஆகஸ்ட் 5

கொட்டகையில் சிவப்பு பெயின்ட் காய்ந்துபோய்க் கிடக்கிறது. நல்லதுதான்.

ஆகஸ்ட் 17

பாறையில் காப்பி. ஸ்டாஃபனும் வந்தார், வெண்ணெயில் வதக்கிய மஞ்சள் காளானை ரொட்டித் துண்டுகளில் பரப்பி எடுத்துக்கொண்டு. அந்தப் பலகைதான் தட்டு, எழுத்தைச் சுரண்டிவிட்டிருந்தார்.

ஸ்டூரே ஒன்றை மென்றபடி, என்னைப் பார்க்காமல் கேட்டான்: "எங்க கிடைச்சுது தம்பி?"

அன்று அவன் இருமினானே, பாதிதான் காதில் விழுந்திருக்கும் போல.

நான் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்கங்கே" என்று ஸ்டாஃபன் ஏரிப்பக்கம் கையைக் காட்டினார்.

அவருக்கு இன்னொரு கோப்பை காப்பி ஊற்றினேன்.