நான் எழுதிய ‘அவே’

அன்பு மச்சான் காளிக்கு,

நீ போய் ஏழு வருஷம் ஆகிறது. உன் தங்கை நலமாக இருக்கிறாள். மலைமேல் நம் புதூர்நாட்டுக்கு இப்போது ஒரு பஸ் வருகிறது. நீ ரோடு போடப் பாறை உடைத்த வளைவில்தான் திரும்புகிறது.

அன்றைக்கு நான் வேலைத்தளக் கொட்டகையில் இருந்தேன். எல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். பாறைக்கு வைத்த வெடியின் திரியைப் பற்றவைத்தாகிவிட்டது. கீழே சிவப்புக்கொடியோடு நிற்க வேண்டியவன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். ஆலங்காயத்திலிருந்து சந்தை முடிந்த சனங்களோடு ஒரு ஜீப் ஏறி வந்தது. பாறை மறைவில் பதுங்கியிருந்தவர்களில் நீ மட்டும் எழுந்தாயாம். “யோவ், ஜீப்பு வருதுய்யா!”

துண்டைச் சுழற்றிக்கொண்டே சரிவில் ஓடினாய். ஜீப் நின்றது. வெடித்துப் பறந்த கல் உன் பின்மண்டையில் விழுந்தது.

எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன், கிளார்க் என்று என்னைத்தான் இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதச் சொன்னார்கள். உன் கூட வேலை செய்த முனுசாமி அழுதுகொண்டே சொன்னார்: “வெடி வெச்ச எடத்த வுட்டு ஓடுனாருங்க, கல்லு பட்டுடுச்சிங்க.” இரண்டே வரி எழுதினேன். ஓடினான் என்பதற்கு ‘ரேன்’. இடத்தை விட்டு என்பதற்கு ‘அவே’. ஜீப்பைப் பற்றிக் கேட்டிருந்தும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஏன் விட்டேன் மச்சான்?

பயந்து வேலையை விட்டு ஓடியவர், மனைவிக்கு வாரிசு வேலை தர முடியாது என்று கொட்டகைக்குப் பதிலின் நகல் வந்தது. ஆபீசுக்கு ஓடினேன். தலைமைக் கிளார்க் என் காகிதத்தையே எடுத்துக் காட்டினார்.

“ரேன் அவேன்னா தப்பிச்சி ஓடறதுய்யா. ஜீப்ப நிறுத்த ஓடுனான்னா ‘ரேன் டவுன் டு தி ஜீப்’னு இல்ல எழுதணும்? ஓட்டம் ஒண்ணுதான். எங்க ஓடுனான், எதுக்கு ஓடுனான்னு பின்னாடி வர்ற சின்ன வார்த்தைதான் சொல்லும்.”

“மாத்தி எழுதித் தர்றேங்க.”

“ஃபைலு மேல போய்டுச்சே. அடியும் பின்மண்டையில. யாரு நம்புவாங்க?”

ஜீப் டிரைவரையும் கூட்டிக்கொண்டு இரண்டு முறை போய் எழுதிக் கொடுத்தேன். பதிலே இல்லை.

உன் மனைவி மல்லிகா, வேலை இல்லை என்று தனக்கு வந்த கடிதத்தை என்னிடம்தான் கொண்டுவந்தாள். “இன்னா எழுதிக்கீதுண்ணா?” படித்துச் சொன்னேன். “எந்தப் பாவி இப்டி எழுதனான்?” என்று கேட்டாள். என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவளிடம் நான் சொன்னது: “ஆபீசருதாம்மா.”

அந்த வருஷமே மகளைக் கூட்டிக்கொண்டு கர்நாடகக் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். பொங்கலுக்கு மட்டும் வருவாள். முகம் தெரியாத அந்த ஆபீசரைச் சபித்துவிட்டுப் போவாள். ஒவ்வொரு முறையும் நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இந்தப் பொங்கலுக்கு உன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பத்து வயது. அச்சு அசல் உன் முகம். “மாமா, எங்கப்பா பயந்துக்கினா ஓடுனாரு?” என்றாள். “இல்லம்மா” என்றேன். எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

வரும் வெள்ளிக்கிழமை தோட்டத்துக்குப் புறப்படுகிறேன். எழுதியது ஆபீசர் இல்லை, நான்தான் என்று மல்லிகாவிடம் சொல்வேன். அவள் இனிமேல் என்னை அண்ணா என்று கூப்பிடாமல் போகலாம். உன் தங்கையும் என்னை என்ன நினைப்பாளோ. ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் வருவேன் மச்சான். நீ யாரை நோக்கி ஓடினாய் என்று உன் மகளுக்குத் தமிழிலேயே சொல்வேன்.

உன் தங்கையைக் கட்டியவன்,
முருகேசன்