குழாயில் ஒரு துளை

ஜனவரி 6

சாப்பாட்டு மேசையில் மகள் அறிவித்தாள்: மாதக் கடைசியில் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஒன்பதாம் வகுப்பில் ஆளுக்கொரு மாதிரி செய்து வைக்க வேண்டுமாம். "நானே பண்ணிக்கிறேன். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்பா."

தலைப்பு என்னவென்று கேட்டேன்.

"மனிதக் குரல் எப்படிப் பிறக்கிறது."

ஒலியியலில் முனைவர் பட்டம் வாங்கியவன் எதிரே உட்கார்ந்து குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கிறேன். நான் ஒன்றும் பண்ண வேண்டாமாம். போகட்டும். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நான்தான் என்ன பண்ணிவிட்டேன்? ஒலிபெருக்கித் தொழிற்சாலையில் வரிசையாக வரும் பெட்டிகளுக்குக் காது கொடுத்து, கரகரப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். என் ஆய்வேட்டிலிருந்து ஒரு முழு அத்தியாயத்தை உருவித் தன் பெயரில் போட்டுக்கொண்ட பேராசிரியர் இன்னும் மேடை மேடையாக ஏறுகிறார். அவருக்கு மாலை போடுகிறவர்களின் படங்களை நான் விடாமல் பார்க்கிறேன். ஏன் பார்க்கிறேன்?

ஜனவரி 9

மேசை முழுக்க அவளுடைய சாமான்கள்: நெகிழிக் குழாய், காற்று மெத்தை ஊதும் கால் பம்பு, பலூன், களிமண். பம்பை மிதித்தால் காற்று வரும், குழாயின் நடுவே இழுத்துக் கட்டிய பலூன் ரப்பர் அதிரும், அதுதான் குரல்நாண். அதற்கு மேலே தொண்டை, வாய். திட்டம் சரியாகத்தான் இருக்கிறது. ரப்பரை இன்னும் இழுத்துக் கட்டச் சொன்னேன். "தெரியும்பா" என்றாள். ஐந்து நிமிடம் கழித்து இழுத்துக் கட்டினாள்.

ஜனவரி 11

முதல் சத்தம் வந்தது. வாத்து கத்துவது போல.

"அப்பா, உங்க மேனேஜர்!" என்றாள்.

சிரித்துவிட்டேன். அந்த மேனேஜர் என்னிடம் வேலை பழகியவன்.

ஜனவரி 14

குளித்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து "ஆமா" என்று ஒரு பெண் குரல்.

சோப்பு கையிலிருந்து நழுவியது. தண்ணீரை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். மறுபடியும் "ஆமா". கொஞ்சம் இழுத்து, முடிவில் தொய்ந்து. என் மனைவி சொல்வது போலவே.

துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தால், மகள் பம்பை மிதித்துக்கொண்டு, குழாயின் வாயை உள்ளங்கையால் மூடி மூடித் திறக்கிறாள். உள்ளே களிமண்ணால் நாக்கு மாதிரி ஒரு மேடு வைத்திருக்கிறாள். கை திறந்திருந்தால் ஆ. மூடினால் ம். மறுபடி திறந்தால் ஆ. விளக்கம் எனக்குத் தெரியாதா? என்னைவிட யாருக்குத் தெரியும்? இருந்தும், சொட்டச் சொட்ட அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் பேராசிரியரைத் திட்டுவேன், "ஆமா" என்பாள். மேனேஜரைத் திட்டுவேன், "ஆமா". மாடி வீட்டுக்காரன் நாற்காலி இழுப்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவேன். பருப்பைக் கிளறிக்கொண்டே "ஆமா, ஆமா". அதில் எது ஒப்புதல், எது 'போதும், விடுங்க', கடைசி வரை எனக்குப் பிடிபடவே இல்லை.

ஜனவரி 15

இன்றும். பாத்திரம் தேய்க்கும்போது. திரும்பி, "என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

ஜனவரி 17

"கண்காட்சிக்குப் பெரியம்மாவக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்க்காமல், சார்ட்டில் கோடு போட்டுக்கொண்டே.

முடியாது என்றேன்.

"ஏன்?"

"ஏன்னு உனக்குத் தெரியும்."

தெரியாவிட்டால் இங்கே எழுதி வைக்கிறேன். என்றைக்காவது படிக்கட்டும். நான் வேலையாக வெளியூர் போயிருந்தபோது என் மனைவிக்கு மூச்சு முட்டியது. மருத்துவமனையில் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டும் என்றார்கள். அவளுடைய அக்கா, தையல்கடைக்காரி, கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஒரு போன் கிடையாது. நான் வந்து சேர்ந்தபோது மனைவிக்குக் கண் இருந்தது, குரல் இல்லை. அப்புறம் சில நாள் உயிரோடு இருந்தாள். அந்த நாட்களில் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. பேச முடியாமல் செய்துவிட்டார்கள். நான் சும்மா இருக்கவில்லை. வராந்தாவில் நின்று தினமும் டாக்டரைக் கேட்டேன், அக்காவைக் கேட்டேன்: யாரைக் கேட்டு அவள் குரலை எடுத்தீர்கள்? இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. பதில் இருந்தால்தானே!

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று அந்த அம்மாவிடம் இனி இங்கே படி ஏறாதே என்றேன். ஏறவில்லை. மகளும் அங்கே போவதில்லை. போவதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரி 18

"நீங்க வேண்டாம்னா, பரீட்சை முடிஞ்சதும் நான் பெரியம்மா வீட்டுக்குப் போறேன். இருக்கறதுக்கு." கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் பயமாக இருக்கிறது. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

ஜனவரி 20

தொழிற்சாலையில் இன்று ஒரு பெட்டியை ஒதுக்கி வைத்தேன். கரகரப்பு என்று எழுதினேன். உண்மையில் அதில் கரகரப்பு இல்லை. சோதனை ஒலிக்கு அடியில் யாரோ மூச்சு இழுப்பது கேட்டது. பக்கத்து மேசைக்காரர் கேட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு" என்றார்.

நல்லாத்தான் இருக்கும். அவருக்கு.

ஜனவரி 22

வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அவள் இன்னும் வரவில்லை. மேசையில் மாதிரி. பம்பை மிதித்தேன். சத்தம் இல்லை, புஸ்ஸென்று காற்று மட்டும். குழாயைத் திருப்பிப் பார்த்தால், பலூனுக்குக் கீழே, பம்பிலிருந்து காற்று ஏறி வரும் வழியில், விரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. பள்ளிப் பட்டறையில் துளைபோடும் கருவி கொடுத்திருக்கிறார்கள். இவள் தவறான இடத்தில் போட்டுவிட்டாள்.

தண்ணீர்க் குழாய் ஒழுகினால் அடைக்கும் பசை வீட்டில் இருந்தது. பிசைந்து, அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, வழவழவென்று ஆக்கினேன். தடவினால்கூடத் தெரியாது. கொஞ்சம் காய விட்டு மிதித்துப் பார்த்தேன். "ஆ" என்று கணீரென வந்தது. பிரமாதம். ரொம்ப நாள் கழித்து என் படிப்பு ஒரு வேலைக்கு உதவியது. அவள் வரட்டும்.

ஜனவரி 22, மாலை

எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

வந்தாள். பார்த்தாள். விரலால் அந்த இடத்தைத் தேடினாள்.

"துளை எங்க?"

"அடைச்சிட்டேன். காத்து போயிட்டிருந்துது குட்டி, அதான் சத்தமே..."

"யாரு உங்கள அடைக்கச் சொன்னது?" அப்படி ஒரு அலறலை இந்த வீடு கேட்டதில்லை. "அது ஓட்ட இல்ல! அம்மா கழுத்து அது!"

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னேன் — நான், ஒலியியல் முனைவர். அழுதுகொண்டே காட்டினாள். துளை திறந்திருந்தால் காற்று அந்த வழியாக வெளியே போய்விடும், குரல்நாணுக்குப் போகாது. குரல்நாணுக்கு ஒன்றும் ஆகவில்லை. துளையை விரலால் மூடினால் காற்று மேலே ஏறும், பேசலாம். அதைத்தான் கண்காட்சியில் காட்டப் போகிறாளாம்.

"அம்மா பேசினாங்கப்பா."

"என்ன?"

"ஆஸ்பத்திரில. நர்ஸ் அக்கா அந்தக் குழாயச் சுத்தி இருக்கற காத்துப் பைய இறக்கிட்டு, விரல வச்சு மூடினாங்க. கொஞ்ச நேரம்தான்னாங்க. அம்மா பேசினாங்க. என்னப் பாத்து, 'தல சீவுனியா'ன்னு கேட்டாங்க."

எனக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை.

"நான் எங்க இருந்தேன்?"

"வராந்தால. டாக்டர்கிட்ட சண்ட போட்டுட்டு இருந்தீங்க."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல? ரெண்டு வருஷமா..."

"நீங்க எப்ப கேட்டீங்க? நீங்கதான் சொல்லிட்டே இருந்தீங்களே."

என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். அப்படிக் கேட்டதற்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ன வெளிய போகச் சொல்லிட்டுப் பெரியம்மாகிட்ட என்னமோ சொன்னாங்க. அவங்களத்தான் கேக்கணும்."

ஜனவரி 23

விடுப்பு எடுத்தேன். பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தேன். துளைபோடும் கருவியை ஓட்டினால் குழாய் விரிசல் விட்டுவிடும், அதனால் அரத்தால் ராவினேன். ஓரத்தில் பிசிறு இல்லாமல் தேய்த்தேன். ஒரு கழுத்தைத் தேய்க்கிறோம் என்ற நினைப்பு வந்ததும் கை நின்றுவிட்டது. அப்புறம் மறுபடி தேய்த்தேன்.

முடிந்ததும் பம்பை மிதித்தேன். வெறும் காற்று. அந்தக் காற்றை எனக்குத் தெரியும். மருத்துவமனையில் அவள் கட்டில் ஓரம் உட்கார்ந்து கேட்ட காற்று.

விரலை வைத்து மூடினேன். பேசியது.

எடுத்தேன். நின்றது.

அவ்வளவு சுலபம். யாரோ ஒருவர் விரல் வைத்தால் போதும். எனக்குப் பத்து விரல் இருந்தது. என் அறிவு முழுவதும் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தது.

அவள் என்ன சொன்னாள்? எனக்காக ஒரு சொல் அந்தப் பெண்மணியிடம் இருக்கிறது. இத்தனை நாளாக அதை அமுக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு உரியது அது. என் மனைவி என்னைத் தேடியிருப்பாள். இல்லையா? பின்னே எதற்காக மகளை வெளியே அனுப்பினாள்?

ஜனவரி 24

"சரி. பெரியம்மாவக் கூப்பிட்டுக்கோ" என்றேன்.

"போன வாரமே கூப்பிட்டாச்சு" என்றாள்.

ஜனவரி 25

கண்காட்சி. பள்ளி விளையாட்டுக் கூடம். பக்கத்து மேசையில் ஒரு எரிமலை. அதன் தந்தையார் விளம்பரக் கம்பெனிக்காரர். மலை என்னைவிட உயரம், உள்ளே புகை, சிவப்பு விளக்கு. மகளின் மேசையில் பாதிக் கூட்டம்கூட இல்லை.

அந்த அம்மா வந்தார். கடையிலிருந்து அவசரமாகப் புறப்பட்டிருக்க வேண்டும். அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது. தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னைப் பார்த்து, "தம்பி" என்றார். நான் தலையை அசைத்தேன்.

நடுவர் துளையைச் சுட்டிக்காட்டி, "இங்க காத்து போகுதேம்மா" என்றார். மகள் நிமிர்ந்து சொன்னாள்: "ஆமா சார். குரல் எங்கயும் போகல. காத்துக்கு வேற வழி போட்டிருக்காங்க, அவ்வளவுதான். ஏன்னா மொதல்ல மூச்சு விடணும்." விரலை வைத்து மூடி, மிதித்து, உள்ளங்கையால் வாயை மூடித் திறந்தாள்.

"ஆமா."

அவளுடைய பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன். தண்ணீர்க் குழாய்கள் வரிசையாக இருந்த இடத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா" என்றேன். எத்தனை நாளாயிற்று அந்தச் சொல்லைச் சொல்லி! "அவ பேசினாளாமே. குட்டி சொன்னா. என்ன சொன்னா?"

"விடுங்க தம்பி. பழசு."

"எனக்குத் தெரியணும்."

"என்ன ஆகப்போகுது? வேண்டாம்."

"அது எனக்குச் சொன்னதா இல்லையா?"

குழாயைத் திருகி மூடினார். ஈரக் கையை அளவு நாடாவிலேயே துடைத்தார்.

"'அக்கா, கதவச் சாத்து. அவர் கத்தறது தாங்கல'ன்னா. சாத்தினேன். கண்ண மூடிக்கிட்டா. வேற ஒண்ணும் சொல்லல."

நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் அப்பவே சொல்லல?"

"எப்படித் தம்பி சொல்றது? பொண்டாட்டியப் பறிகொடுத்துட்டு நிக்கற மனுஷன்கிட்ட இதையா சொல்லுவாங்க? நீங்க என் மேல கோவமா இருந்தீங்க. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். அன்னிக்கு உங்களுக்குப் போன் போட்டேன், கெடைக்கல. அதையும்தான் சொல்லல. சொன்னா மறுபடி கத்துவீங்க."

நான் கத்தவில்லை.

ஜனவரி 26

கதவு சாத்தியிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. என்னை வெளியே வைக்கிறார்கள் என்று அதற்கும் சேர்த்துத்தான் கத்தினேன்.

ஜனவரி 27

மாடியில் நாற்காலி இழுக்கிறான். இழுக்கட்டும்.

ஜனவரி 31

எரிமலைக்கு முதல் பரிசு. மகளுக்கு ஒன்றுமில்லை, பங்கேற்புச் சான்றிதழ்.

"தலைமையாசிரியருக்கு லெட்டர் எழுதலியாப்பா?" என்றாள். போன வருடம் ஓவியப் போட்டிக்கு எழுதினேன், அதற்கு முந்தின வருடம் வேறு எதற்கோ.

"இல்ல."

"ஒடம்பு சரியில்லையா?" நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கிண்டல்தான். கையைக் கொஞ்ச நேரம் எடுக்காமல் வைத்திருந்தாள்.

மாதிரியைப் பள்ளி ஆய்வகத்துக்கே கொடுத்துவிட்டாளாம். வீட்டில் இப்போது சத்தமில்லை. குளிக்கும்போது தண்ணீரை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறேன். ஒன்றும் இல்லை. அது முன்னைவிட மோசம்.

பிப்ரவரி 3

பெரியம்மா வீட்டுக்குத்தான் போகப் போகிறாயா என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்டேன்.

"பரீட்சை முடியட்டும், பாக்கலாம்" என்றாள்.

பிப்ரவரி 9

தையல்கடை வரை நடந்து போனேன். பூட்டியிருந்தது. ஞாயிறு. திரும்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 11

மறுபடி போனேன். வாசலில் நின்றேன். அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் கோத்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. குட்டி யூனிஃபார்ம் சின்னதாயிடுச்சு" என்றேன்.

"அளவு எடுக்கணும்" என்றார்.

பிப்ரவரி 16

அக்கா வந்திருக்கிறார். கூடத்தில் துணியை விரித்துப் போட்டிருக்கிறார்கள். மகள் வளர்ந்துவிட்டதைப் பற்றி ஏதோ கேலி, அதற்கு இவள் பதில், பிறகு இருவரும் சேர்ந்து சிரிப்பு. கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அதற்கும் சிரிப்பு. நான் உள்ளறையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் பேசுவது முழுதாகக் காதில் விழவில்லை. குரல்கள் மட்டும், ஒன்றின் மேல் ஒன்று.

மகள் எட்டிப் பார்த்தாள். கையில் சாக்கட்டி.

"அப்பா, ரொம்ப சத்தம் போடறமா?"

"இல்ல. பேசுங்க."