பள்ளி வாசலில் கதைத்த கார்

கல்முனைக்குடி
திங்கட்கிழமை

அன்பு மகன் அர்ஹமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தோஹா வெக்கையில் நீ சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாம் சுகம், என் மானம் ஒன்றைத் தவிர. போனில் வொய்ஸ் அனுப்ப இனிப் பயமாக இருப்பதால் பேனை எடுத்தேன். வேறு ஆட்கள் சொல்லி உன் காதுக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்: போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன், பள்ளிவாசல் முற்றத்தில், ஊரே கை கால் கழுவி வுழூச் செய்துகொண்டிருந்த நேரம், உன் கார் உன் உம்மாவின் குரலில் ஸைனுலாப்தீன் ஹாஜியாரைப் பற்றிப் புறம் பேசிவிட்டது. அவரும் அங்கேதான், காருக்குப் பத்தடி தூரத்தில், ஹவுள் தண்ணீர்த் தொட்டியடியில் குந்தியிருந்தார். அவர் மகன் பர்ஹானுக்கு உன் தங்கை ஆதிலாவைப் பேசி, நாள் குறிப்பது மட்டும் மிச்சம் இருந்தது உனக்குத் தெரியும்.

இவ்வளவுக்கும் காரணம் அந்த ஸ்பீக்கர்க் கடை இஹ்ஸான். கம்பனி பூட்டித்தந்த டேஷ்போர்ட் ஸ்பீக்கர் இரண்டும் மாரி மழைக்குப் பிறகு அப்பளம் பொரிக்கத் தொடங்கின. காலையில் பயான் போட்டால் மௌலவி சொல்வது சொர்க்கத்தையா நரகத்தையா என்று பிரித்தறிய முடியாது. அதைப் போய் அவனிடம் சொன்னேன் பார். காக்கா, கம்பனிக்காரன் வெச்சிருக்கிறது வெறும் கடதாசி, கடக்கரைக் காத்துக்கு இத்துப்போயிட்டு, நான் பூட்டித்தாற சாமானுல எறும்பு நடந்தாலும் கேக்கும் எண்டான். எறும்பு நடப்பதைக் கேட்டு இந்த வயதில் நான் என்ன செய்யப்போகிறேன் என்று அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை, தலையை ஆட்டிவிட்டேன். கம்பனி வைத்த ஓட்டை நீள்வட்டம், இவன் கொண்டுவந்த சாமான் வட்டம். என்னைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டு டேஷ்போர்டை மரம் அறுக்கும் வாளால் அறுத்திருக்கிறான், மகன், பலாப்பழம் அறுப்பதுபோல. வலை மூடி இனி உட்காராது. வயரின் முனையிலிருந்த சொக்கட்டை வெட்டி எறிந்துவிட்டு, முறுக்கி டேப் சுற்றியிருக்கிறான். கேட்டால், சத்தம் வருதா இல்லையா, அதச் சொல்லுங்க காக்கா என்கிறான். வந்தது. வந்ததுதான் பிழை.

வெள்ளிக்கிழமை வேப்பமர நிழலில் நிறுத்தி, வெக்கைக்கு நாலு கதவையும் திறந்துவிட்டு, பயானைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உம்மாவின் வொய்ஸ் ஒன்று வந்தது. வழமைபோல போனைக் காதில் வைத்துத் தட்டினேன். போன் காரின் ஸ்பீக்கரோடு தொடுக்கப்பட்டிருப்பது இந்த மடையனுக்கு நினைவில்லை. காதில் ஒன்றும் இல்லை, ஊருக்கே கேட்டது: இஞ்ச, வரக்குள்ள பேரீச்சம்பழம் வாங்கிட்டு வாங்க, அந்த ஹாஜியார் சீனி வருத்தம் சீனி வருத்தம் எண்டு சொல்லிச் சொல்லியே மூணு கோப்பை வட்டிலப்பம் முடிச்ச மனிசன், அதுவும் பொண்டாட்டி கை கழுவப் போன இடைவெளிக்குள்ள, நாள் குறிக்க வாற இந்தமுறை சட்டியோட ஒளிச்சி வைக்கணும்! ஒரு எழுத்துக்கூடச் சிதறவில்லை. பழைய கடதாசி ஸ்பீக்கராக இருந்தால் அப்பளச் சத்தத்துக்குள் குடும்ப மானம் மறைந்திருக்கும். நிறுத்தத் தட்டினேன், வைப்பர் ஆடியது. இன்னொன்றைத் தட்டினேன், ஹோர்ன் அடித்தது. கையில் அள்ளிய தண்ணீரோடு முழு வரிசையும் திரும்பிப் பார்த்தது. ஹாஜியார் மட்டும் திரும்பவே இல்லை, காலை நிதானமாகக் கழுவிக்கொண்டிருந்தார். அது கோபத்தின் நிதானம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு கதையும் இல்லை. உம்மா என்னோடு கதைக்கவில்லை, ஏதோ நான்தான் வட்டிலப்பத்தைச் சாப்பிட்டவன்போல. ஆதிலா நிச்சயத்துக்கு எடுத்த சாரியை மடித்து அலுமாரியின் அடியில் வைத்துவிட்டாள். புறம் பேசினால் பேசப்பட்டவரிடமே போய் மன்னிப்புக் கேட்டுப் பொருத்தம் தேட வேண்டும் என்பதால் நேற்று அஸர்த் தொழுகைக்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குத் தனியே போனேன். ஹாஜியார் முன் விறாந்தையில் இருந்தார், பக்கத்தில் அவர் மனைவி றுக்ஸானா. எதையும் ஒளிக்காமல், சொல்லுக்குச் சொல், கோப்பைக் கணக்கு உட்பட ஒப்புவித்து, பொறுத்துக்கொள்ளுங்க என்றேன். ஹாஜியார் என்னையே வெறித்துப் பார்த்தார். றுக்ஸானா, மூணு கோப்பையா எண்டு கேட்டா. ஹாஜியார் பார்வையை மின்விசிறிக்கு மாற்றினார். றுக்ஸானாதான், இந்த மனிசன்ட சீனி ஏன் இறங்குதில்ல எண்டு நான் டொக்டர் டொக்டரா அலையிறன், உள்ளத உள்ளபடி சொல்ற குடும்பத்த எங்க போய்த் தேடுற, வாற மாசமே நிகாஹ வெச்சிடுவம் எண்டு முடிச்சிட்டா.

ஆகவே மகன், லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. வெயிலில் நின்று வேலை செய்யாதே, தண்ணீர் நிறையக் குடி. காருக்கென்று அங்கிருந்து எந்தச் சாமானும் கொண்டுவராதே. அல்லாஹ் உன் உழைப்பின் றிஸ்கில் பரக்கத்தையும் உடலில் ஆரோக்கியத்தையும் தருவானாக.

துஆவுடன் உன் வாப்பா,
பக்கீர் முகைதீன்

கடிதத்தை மடிக்கும்போது பர்ஹான் வந்து போனான். இரண்டு நாளும் வேளாண்மை வெட்டுக்காக அவர்கள் வீட்டில் எல்லோரும் சாகாமத்து வயலில் நின்றார்களாம். அவன் வாப்பா வுழூச் செய்யுமுன் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்பவராம். நேற்று நான் சொல்லும்வரை அவருக்கு எதுவுமே தெரியாதாம்.