சாரலுக்கு இடம் விட்ட மூடி

அன்புத் தம்பி சுப்பையாவுக்கு,

உன் மீன்கள் நாலும் சுகம். முதலில் அதைச் சொல்லிவிட்டால்தான் மற்றதை நீ காது கொடுத்துக் கேட்பாய். கொழும்பிலிருந்து நீ எழுதிய எல்லாக் கடிதத்திலும் முதல் வரி மீன் எப்படி இருக்கிறது என்பதுதான். அம்மாவின் மூட்டுவலி மூன்றாவது வரியில் வரும். அதற்காக நான் திட்டி எழுதிய பதில்களை நீ நூல் போட்டுக் கட்டிப் பத்திரமாக வைத்திருந்தாய் என்பது உன் சாமான்கள் வந்த பிறகுதான் தெரிந்தது.

இப்போது சேதி என்னவென்றால், உன் அக்கா தச்சு வேலை செய்கிறாள். சிரிக்காதே. உன் மீன் தொட்டிக்கு மரத்தில் மூடி செய்திருக்கிறேன். நானே அறுத்து, நானே இழைத்து, நானே ஆணி அடித்தது. அதைப் பீற்றிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். ஊரார் படித்தால் படிக்கட்டும், எனக்கொன்றும் வெட்கமில்லை.

அந்தத் தொட்டியை நீ கொண்டுவந்த லட்சணம் எனக்கு மறக்குமா? இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி. கப்பலிலும் ரயிலிலும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து தென்காசி ஸ்டேஷனில் இறங்கினாய். அம்மாவுக்குச் சேலை வாங்க மறந்துபோனாய். மறுநாளே ஐந்தருவிக்குக் கீழே ஓடையில் இறங்கித் துண்டை விரித்து ஏழு கெண்டைக் குஞ்சு பிடித்தாய். லீவு முடிந்து கிளம்பும்போது என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அக்கா, மீனைப் பாத்துக்கோ. நான் வரும்போது ஏழும் இருக்கணும்."

நீ வரவில்லை. ஐப்பசியில் தந்திதான் வந்தது. காய்ச்சலில் நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாயாமே, பக்கத்தில் யார் இருந்தார்கள்? தண்ணீர் கேட்டால் யார் கொடுத்தார்கள்? உன் முதலாளி எழுதிய கடிதத்தில் அதெல்லாம் இல்லை. அம்மா அதை மட்டும்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் கேட்பதை நிறுத்தினாள். உன் பெயரைச் சொல்வதையும் அன்றோடு நிறுத்திவிட்டாள்.

அந்த அடைமழையில்தான் மீன்கள் துள்ள ஆரம்பித்தன. வெளியே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் அதுகளுக்கு உள்ளே இருப்பு கொள்ளாது போலிருக்கிறது. நான் அரிசி புடைக்கிற சுளகை வைத்து மூடினேன். ஒன்று சுளகைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தது. சுளகின் மேல் அம்மிக்குழவியை வைத்தேன், சுளகு உள்ளே இறங்கிவிட்டது. கார்த்திகை முடிவதற்குள் மூன்று மீன் போய்விட்டன. மூன்றையும் விடியற்காலையில் தரையில் பார்த்தது அம்மாதான்.

மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "ஏட்டி கோமதி, இன்னும் ஒண்ணு இப்படிச் செத்துச்சுன்னா மிச்சத்தக் கொண்டுபோயி ஆத்துல விட்டுருவேன். யாரும் பாக்காமத் தரையில கெடந்து சாகுததத் தெனமும் பாக்க என்னால ஆவாது" என்றாள்.

எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. ஆனால் உனக்கு நான் கொடுத்த வாக்கு என்ன ஆவது? மீதி நாலாவது இருக்க வேண்டாமா?

மழை ஓய்ந்ததும் மீன்கள் அடங்கின. அடுத்த சாரலுக்குள் மூடி வேண்டுமென்று பங்குனிக் கடைசியில் ஆறுமுக ஆசாரியிடம் போனேன். தேர் வேலையில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மீனுக்குக் கதவு போடச் சொல்லுதியளே தாயி, பூட்டும் சேத்து வேணுமா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. சரி, வேலையை நீங்கள் செய்ய வேண்டாம், பழைய ரம்பமும் இழைப்புளியும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்துவிட்டேன். என் ரோஷம்தான் உனக்குத் தெரியுமே.

பலகைக்கு எங்கே போவது? உன் சாமான்கள் வந்த பெட்டி மச்சில் கிடந்தது. கண்ணில் படக்கூடாது என்று அம்மா ஏற்றிவைக்கச் சொன்னது. இரண்டு நாள் யோசித்துவிட்டு அதைத்தான் பிரித்தேன். அம்மாவிடம் கேட்கவில்லை. அவள் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சித்திரை வெயிலில் பத்து நாள் வேலை. உன் அத்தான் பலகையைப் பிடித்துக்கொண்டார். சுத்தியல் இரண்டு தடவை அவர் பெருவிரலில்தான் விழுந்தது. பாவம், மனிதர் விரலை உதறிவிட்டு மறுபடியும் பலகையைப் பிடித்தார். தொட்டியின் வாய்க்குள் இறங்கி உட்காருகிற மாதிரி அளவெடுத்தேன். கம்பியைக் காய்ச்சிக் காற்றுக்கு ஓட்டை போட்டேன். கடைசியில் வைத்துப் பார்த்தால், சுற்றிலும் ஒரு தலைமுடி நுழைய இடமில்லை. அத்தனை கச்சிதம். தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்தக் கச்சிதம்தான் வினையாகப் போயிற்று.

ஆனி பிறந்தது, சாரல் இறங்கியது. மூன்றாம் நாள் தண்ணீர் மாற்ற மூடியைத் தூக்கினால் வரவில்லை. பலகை ஊதிக் கண்ணாடியை நெருக்கிக்கொண்டு நிற்கிறது. பலமாக இழுத்தால் கண்ணாடி நெரிகிற சத்தம். குற்றாலத்தில் பிறந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்பாய். நம் வீட்டு வாசல் கதவை ஒவ்வொரு சாரலுக்கும் காலால் உதைத்துத்தானே திறக்கிறோம்? அதே காலோடு நான் போய் உட்கார்ந்து, தலைமுடி நுழையாத மூடி செய்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள் தண்ணீர் கலங்கிவிட்டது. பெரிய மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அம்மா தொட்டியின் எதிரே உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஆசாரிக்கு ஆள் அனுப்பினேன்.

வந்தவர் தட்டிப் பார்த்தார். "இங்கன எந்தக் கதவுன்னாலும் சாரலுக்கு ஒரு நெல்லுக் கனம் எடம் விட்டுத்தான் மாட்டுவோம். நீங்க கேக்காமச் செஞ்சுட்டிய. இனி உளி வச்சுப் பொளக்க வேண்டியதுதான். கண்ணாடி தாங்குமான்னு சொல்ல முடியாது" என்றார்.

பிளந்தால் உன் பெட்டி போகும். தப்பினால் உன் தொட்டியும் போகும். வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டேன். வெயிலில் காய வைத்தால் பலகை சுருங்கும். ஆனால் சாரல் நேரத்தில் வெயிலை எங்கே தேடுவது? அப்போதுதான் மூலையில் இருந்த இஸ்திரிப் பெட்டி கண்ணில் பட்டது.

சிரட்டைக் கரியைப் போட்டு ஊதினேன். பலகைமேல் பழைய வேட்டியை மடித்துப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். "மீன் கொழம்புதான் வைக்கப் போறீய" என்றார் ஆசாரி. நான் நிமிரவில்லை. வேட்டி ஈரத்தைக் குடித்து ஆவி விட்டது. வேட்டியை மாற்றினேன், கரியை மாற்றினேன், தேய்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணாடியில் கை வைத்துச் சூடு ஏறுகிறதா என்று அம்மா பார்த்துக்கொண்டாள். காலையில் ஆரம்பித்தது, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு மூலை அசைந்தது. மெதுவாக எடுத்தேன். பலகையும் முழுசு, கண்ணாடியும் முழுசு, மீன் நாலும் உயிரோடு. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

அப்புறம் நாலு ஓரத்தையும் நெல்லுக் கனம் இழைத்தேன். மூடியை இரண்டாக அறுத்துக் கீல் போட்டேன். பிடிக்க ஒரு நூல்கண்டு உருளையை வைத்து அடித்தேன். சாரல் முழுவதும் மீன்கள் துள்ளின. பலகையில் டொக் என்று சத்தம் கேட்கும். முதலில் அம்மா ஒவ்வொரு சத்தத்துக்கும் பதறி ஓடிவந்தாள். பிறகு இருந்த இடத்திலிருந்தே எண்ண ஆரம்பித்தாள். "பெரியவன் இன்னைக்கு மூணு தடவ முட்டிட்டான்" என்று உன் அத்தானிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் ஆசாரி தம் கூட்டாளி ஒருவரை மூடியைக் காட்டக் கூட்டிவந்தார். வந்தவர் கீலைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "நல்ல சுத்தமான வேல. யாரு செஞ்சது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள், "எம் மவ செஞ்சது. பலகை எம் மவன் சுப்பையாவுது."

உன் பெயரைச் சொல்வதை நிறுத்திய பிறகு அது அவள் வாயில் வந்தது அன்றுதான். எனக்கு அன்று இருந்த பெருமை தேர் செய்தவருக்குக்கூட இருந்திருக்காது.

ஏலே, ஏழு மீனை நான் நாலாக்கினேன், அதை மறைக்கவில்லை. இந்த நாலும் ஒருநாள் வயதாகிச் சாகத்தான் செய்யும், அதற்கு மூடி கிடையாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். இனி உன் மீன் எதுவும் யாரும் பார்க்காமல் தரையில் கிடந்து சாகாது. சாகும்போது தண்ணீரில் இருக்கும். பக்கத்தில் நாங்கள் இருப்போம்.

உனக்குப் பக்கத்தில் இருக்க முடியாமல் போன
உன் உடன்பிறந்த அக்கா
கோமதி